கம்பியில் குத்திய கார்டுகள்

பொன்னேரியில் ரயில் ஏறிய இருவர் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் அரிசி மண்டிக்காரர். மற்றவர், சாயங்காலங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் காது நன்றாகக் கேட்கும்.

"வாத்தியாரே, எம் பொண்ணு நல்லா படிக்கிறா. நாளையிலேர்ந்து நீ வராதே."

"இன்னாங்க இது? நல்லா படிச்சா நிறுத்துவாங்களா?"

"கையில கெடைச்சதெல்லாம் படின்னு சொன்னியாமே?"

"ஆமாங்க, அப்பதான் வாசிப்பு வரும்."

"வந்துச்சு! கம்பியில குத்தி வெச்ச தபால் கார்டெல்லாம் உருவிக்கினு, அவங்கம்மா முன்னால சத்தமா படிச்சிட்டா. 'ஆடிக் கூழு ஊத்தறோம், பொண்ண அனுப்புங்க'ன்னு மாமனாரு மூணு வருசமா எழுதறாரு."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"அவளுக்கு ஏது எழுத்து? நான்தான் படிச்சிச் சொல்லுவேன். எல்லாரும் சௌக்கியம்னு முடிச்சிடுவேன். அவ போயிட்டா எனக்கு யாரு சோறாக்கறது? தாய் ஊட்ல மறந்துட்டாங்கன்னு அழுதுக்கினு இருந்தவ, இப்ப எங்கிட்ட பேசறதேயில்ல. ஒரே பேஜாரு. நீ வராதே."

"சரிங்க. ஆனா அம்மா காலையிலயே சொல்லி அனுப்பிச்சாங்க, பெரிய சிலேட்டு ஒண்ணு வாங்கியாரச் சொல்லி. அவங்களும் படிக்கப் போறாங்களாம். வர்லன்னு நீங்களே சொல்லிடறீங்களா?"

 மீஞ்சூர் வந்ததும் மண்டிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"அவளுக்குப் படிப்பு வர எத்தினி மாசம் ஆவும்?"

"பொண்ணுக்கு ஆறு மாசம் ஆச்சுங்க. அம்மா கோவமா இருக்காங்க, சீக்கிரமே வந்துடும்."