அளவு சொன்ன குரல்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் மாமா, ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள், காற்றும் வரும். சித்தப்பா சாப்பிடப் போயிருக்கிறார். கோடை விடுமுறை முழுக்க மத்தியான வேளையில் இந்தப் போன் ரிப்பேர் கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் உள்ளே வந்தபோது கேட்டது என்ன என்கிறீர்கள். சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் புரியும்.

உங்கள் வீட்டில் அத்தை தையல் அளவுகளை எழுதிவைக்க மாட்டார், போனில் பேசிப் பதிந்துவைப்பார். "கை பத்து, கழுத்து ஆறரை." நடுவில் வீட்டுப் பேச்சும் விழுந்துவிடும்: "கண்ணு, சாப்பிட்டியா? ஃபேனை நிறுத்து." அவர் போன பிறகு அவர் குரல் மிச்சமிருந்தது அதில் மட்டும்தான். சாவு வீட்டு அமளியில் அந்தப் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல நம்பர் வேண்டுமென்று என் சிநேகிதன் ஒட்டடை அதை ஈரத்தோடு சார்ஜில் போட்டான். ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். நல்ல மனசுக்காரன், ஆனால் அவசரக்குடுக்கை.

அவன், உங்கள் மகள், நான் மூவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். அவர்கள் இரண்டு பேரும் விரும்பியது உங்களுக்குத் தெரிந்திருக்காது. தூது போனதே நான்தான். அவளை எனக்கும் பிடிக்கும், அது வேறு விஷயம்.

போனை அவள் என்னிடம்தான் கொண்டுவந்தாள். டிஸ்ப்ளே மட்டும் போயிருந்தது. மாற்றியதும் எல்லாம் வந்துவிட்டது, ஒரு பதிவுகூடக் கெடவில்லை. சோதித்துப் பார்க்கத்தான் ஒன்றைத் திறந்தேன். தையல் மெஷின் ஓடுகிறது, நிற்கிறது. "கண்ணு, சாப்பிட்டியா?" என் அம்மா இன்னொரு வீட்டில் இன்னொரு குடும்பத்தோடு நன்றாகத்தான் இருக்கிறார். போன பிறகு ஒருமுறைகூடப் பேசியதில்லை. அப்பாவும் நானும் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் இருக்கிறோம். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டு வெகுநாளாகிறது. அழுகை வரவில்லை, ஒன்றுமே தோன்றவில்லை. மறுபடி போட்டுக் கேட்டேன்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். "ஆச்சாடா?" என்றாள்.

"உள்ள இருக்கிற போர்டே போச்சு, பதிவு எதுவும் வராது. ஈரத்தோட சார்ஜ் போட்டா அப்படித்தான் ஆகும்" என்றேன்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனுக்கு முகம் கொடுக்கவே இல்லை. அவன் உங்கள் தெருமுனையில் வெயிலில் பழிகிடந்ததையும், பிறகு வீட்டை விட்டுப் போனதையும் ஊரே பேசியது. அவன் அப்பா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். போவதற்கு முன் என்னிடம் வந்தான். "நான் சார்ஜ் போடாம இருந்தா பிழைச்சிருக்குமாடா?" என்று கேட்டான். "கண்டிப்பா" என்றேன். ஒரு தடவை சொன்னதை மாற்றிச் சொன்னால் நன்றாக இருக்காது.

எழுந்திருக்காதீர்கள் மாமா, இன்னும் கொஞ்சம்தான். பதிவுகளையெல்லாம் என் போனுக்கு மாற்றிக்கொண்டு, அத்தையின் போன் போர்டைச் சூட்டுக் காற்றுக் கருவியில் காட்டிக் கருக்கினேன். அந்தப் போனைத்தான் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தேன். தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறாளாம். பாவமாகத்தான் இருக்கிறது.

உங்கள் காதில் கோளாறு இல்லை. கதவைத் திறந்தபோது நீங்கள் கேட்டது அத்தையின் குரல்தான்.

உங்கள் மகளிடமிருந்து எதையும் பறித்ததாக நினைக்காதீர்கள். அத்தை கூப்பிடும்போதெல்லாம் அவள் என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? "சும்மா நைநைன்னு பேசாதேம்மா." எதைத் திறந்தாலும் இதே எரிச்சல். அந்த இடங்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன். இப்போது அத்தை கேட்கிறார், நான் "சாப்பிட்டேம்மா" என்கிறேன். மெஷின் மறுபடி ஓடுகிறது. வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் மாமா. அம்மாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை.