தடம் போடாத பாலம்

இந்த அறையில் மேசையைப் போட்டவருக்கு இடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கதவைத் திறந்ததும் ஆள் ஜன்னலைப் பார்க்கிறான். ஜன்னலைப் பார்த்தவனுக்கு வெளியே போவதில்தான் புத்தி போகும். அந்த இரும்பு அலமாரியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்தால் போதும். வருகிறவன் தானாக வந்து இந்த நாற்காலியில் உட்காருவான், தானே தேர்ந்தெடுத்த இடம் என்றும் நினைத்துக்கொள்வான். சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை. பரவாயில்லை.

விசாரணையை முடித்துவிட்டீர்கள் என்று தெரியும், இன்ஸ்பெக்டர். ‘பழைய பாலம், ஏற்பாட்டாளர் சோதித்துப் பார்க்க மறந்ததால் நேர்ந்த விபத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏற்பாட்டாளர் நான். மறந்ததால் என்ற சொல்லை அடிக்கச் சொல்லத்தான் வந்தேன்.

பகலில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வரைபடம் போடுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் போர் விளையாட்டுக்கு நிலம் போடுவேன். கணினியில் இரண்டு படைகள் மோதுகிற விளையாட்டு அது. அதோடு ஒரு மேப் எடிட்டர் வரும். வெறும் தட்டைத் தரையை நம் கையில் கொடுத்துவிடும். மேடு, பள்ளம், ஆறு, காடு, பாலம் எல்லாம் நாம் போட வேண்டியது. நிலம் போடுகிறவன் யாருக்கும் கட்டளையிடுவதில்லை. இடது பக்கம் ஒரு சதுப்பு, வலது பக்கம் ஒரு செங்குத்துப் பாறை, நடுவில் ஒரு பாலம். ஆடுகிறவன் பாலத்துக்குத்தான் வருவான். வந்துவிட்டு, தன் போர்த் தந்திரம் என்று மார்தட்டுவான்.

அப்படி மார்தட்டுவதையே தொழிலாக வைத்திருந்தவன் என் தங்கையின் கணவன். நான் போட்ட நிலத்தில் அவன் விளையாடி, கத்தி, அதை வீடியோவாகப் போடுவான். அவனை ஜெனரல் என்று கூப்பிட ஒரு பெரிய கூட்டம் இருந்தது. கத்தினால் வீரம் என்று நம்புகிற கூட்டம். ‘நாங்க போட்ட மேப்’ என்பான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. ஒரு மேட்டை ஏன் அங்கே வைத்தேன், ஓடை ஏன் வளைகிறது என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காத பிறவி. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், முக்கியம்.

எடிட்டரில் பாலம் என்பது வெறும் படம். ஆற்றின் மேல் அதை வைத்தால் மட்டும் படை கடக்காது. படத்துக்கு அடியில் நடக்கும் தடம் என்று தனியாகப் பூச வேண்டும். பூசாவிட்டால் கணினிக்கு அது தண்ணீர்தான். ஒரு முறை, ஒரே ஒரு முறை, நான் அதை மறந்துவிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும். அவனுடைய டாங்கிகள் எல்லாம் கரையில் வரிசையாக நின்றுவிட்டன. நேரலையில் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “எங்க மச்சான் பாலம் கட்டியிருக்காரு, பாருங்க! பார்க்க மட்டும்தான், நடக்க இல்ல!” அன்றிலிருந்து எனக்கு ‘பாலம் மச்சான்’ என்று பெயர். முகம் தெரியாதவர்கள் வைத்த பெயர் அலுவலகம் வரை வந்தது. ஒப்பந்தக்காரர் என் வரைபடத்தை வாங்கிக்கொண்டு, “இதுல நடக்கலாம்ல?” என்று கேட்டார். அதைக்கூட விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கையில் என் தங்கை சொன்னாள்: “அண்ணா, அந்த டாங்கி எல்லாம் கரையில நின்னு முழிச்சுது பாரு, அப்படியே உன்னை மாதிரி.” நானும் சிரித்தேன்.

ஊருக்கு வெளியே மூடிக் கிடக்கும் ஓட்டுத் தொழிற்சாலையை நீங்கள் பார்த்தீர்கள். அதை அப்படியே மேப்பாகப் போட்டுக் கொடுத்தது நான்தான். சூளை, களிமண் குழி, குழியின் மேல் நடைபாலம், மறுகரையில் பம்பு அறை, எல்லாவற்றையும் அளந்து போட்டேன். அளக்கப் போனபோதே பாலத்தின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உத்திரங்கள் துருவேறி அப்பளமாக இருந்தன. மேலே கிடந்த ஒரு பலகை என் கால் பட்டதும் உதிர்ந்தது. என் மேப்பில் மட்டும் அந்தப் பாலம் உறுதியாக இருந்தது. அவனும் அதில் சலிக்காமல் ஓடினான்.

பிறகு, மேப்பை நிஜ இடத்திலேயே ஆடலாம் என்று ஆசை வந்தது அவனுக்குத்தான். சுட்டால் சாயம் மட்டும் தெறிக்கும் குண்டுத் துப்பாக்கிகள், இரண்டு அணிகள், கொடியை முதலில் எடுக்கிற அணிக்கு வெற்றி, முன்னால் ஜெனரல். “இடத்தை ரெடி பண்றது நம்ம மச்சான் பொறுப்பு” என்று அறிவித்துவிட்டான். நான் பண்ணினேன்.

சூளைப் பக்கத்து வழியில் தகர டிரம்களை அடுக்கினேன். மேற்குச் சரிவில் தண்ணீர் விட்டுக் களிமண்ணைக் குழைத்தேன். கொடியைப் பம்பு அறை வாசலில் நட்டேன். பாலத்தின் மேல் புதுப் பலகை அடித்தேன். உத்திரத்தை அறுத்தேனா என்று கேட்பீர்கள். தொடவே இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. துரு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. நான் தண்ணீரின் மேல் ஒரு படம் வைத்தேன். இந்த முறை தடம் பூசாமல் விட்டது மறதி இல்லை. புரிகிறதா, அந்த வித்தியாசத்தைத்தான் நீங்கள் எழுதவில்லை.

அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் ஓடி வந்திருந்தால் என்று உங்கள் முகம் கேட்கிறது. வந்திருந்தால் அவர்களும் விழுந்திருப்பார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சின்னப் பிள்ளைக்கே சொல்லிக் கொடுக்கிறோம். ஜெனரல் ஓடினால் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறவர்களை நினைத்து நான் ஏன் தூக்கம் கெட வேண்டும்?

நான் நடுவர். விசிலோடு மறுகரையில், கொடிக்குப் பக்கத்தில் நின்றேன். டிரம்களைப் பார்த்தான், திரும்பினான். சரிவில் வழுக்கினான், திரும்பினான். பாலத்துக்கு வந்தான். நான் போட்ட நிலம் சொன்ன பேச்சைக் கேட்டது. குழியின் அடியில் பழைய பம்பின் இரும்புகள் கிடப்பதை வரைந்தவன் நான். ஆகவே மருத்துவர் சொன்னது எதுவும் எனக்குப் புதிதாக இல்லை. என் தங்கை மட்டும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “நீ அங்கதானே இருந்த அண்ணா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

கடைசியாக அவன் ஏதாவது சொன்னானா என்கிறீர்கள். அதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை. எழுதத்தான் வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

பாலத்தின் அந்த முனையில் வந்து நின்றான். ஓடிவரவில்லை, நின்றான். ஷூவின் முனையால் பலகையை ஒரு தட்டுத் தட்டினான். குனிந்து, இடுக்கு வழியாக அடியில் பார்த்தான். பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டான்.

“மச்சான், அடியில தடம் போட்டிருக்கீங்கல்ல?”

கேலி இல்லை அது. கேலி செய்யும்போது அவன் குரல் வேறு மாதிரி இருக்கும், எனக்குத் தெரியும்.

“போட்டிருக்கேன் மாப்பிள்ளை. தைரியமா வாங்க.”

அதற்கப்புறம் அவன் கீழே பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான்.