சாக்குப் போடாத பக்கம்

ஈரச் சாக்கு காய எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. நல்ல வெயிலில் ஒன்றரை மணி நேரம். பத்தொன்பது வருஷமாக எனக்கு அது மனப்பாடம்.

அந்த இழுவைப் படகை என் மாமனார் கட்டினார். முப்பத்தெட்டு அடி நீளம், முழுக்க மரம், நடுவில் ஒரு நீராவி எந்திரம். தன்னைப்போல் இருபது மடங்கு பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வந்திருக்கிறது. ஒருமுறை தீப்பிடித்த கப்பலொன்றைத் தனியாகவே வெளியே இழுத்துப்போனது. பத்திரிகையில் வந்த அந்தப் படம் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. கல்யாணப் படம் அலமாரிக்குள் இருக்கிறது.

மாமனாருக்குப் பிறகு என் கணவர் ஓட்டினார். கொழுந்தன் கீழே கொதிகலனுக்குக் கரி தள்ளினான். படகுக்கு என் சக்களத்தி என்று பெயர் வைத்தவன் அவன்தான். இரும்புப் படகுகள் வந்ததும், துறைமுக அலுவலகம் கணவருக்குக் கரையிலேயே வேலை தருவதாகச் சொன்னது. ஜன்னலோர நாற்காலி, ஐந்து மணிக்கு வீடு.

"அதை விட்டுட்டு வீட்ல உட்கார்ந்து நான் என்ன பண்றது?" என்றார்.

"நான் இருக்கேன்ல."

"நீ எங்க போயிடப்போற?"

கோபமாகச் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

வருஷத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். ஆசாரி பலகை இடுக்குகளில் சணலைத் திணித்துத் தார் பூசுவார். எந்திரத்தைப் பிரித்து மாட்ட நாற்பது நாள் ஆகும். அதுவரை பலகை காயக்கூடாது. காய்ந்தால் சுருங்கி இடுக்கு திறந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் சாக்குகளைத் தொங்கவிட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணமான வருஷத்திலிருந்து அது என் வேலை.

"என்ன அண்ணி, சக்களத்திய குளிப்பாட்டியாச்சா?" என்று கொழுந்தன் தினமும் கேட்பான்.

"உச்சி குளிர ஊத்திட்டேன். நீ போய் பவுடர் போட்டு விடு."

இந்த வருஷம் பாதையிலிருந்து தெரியும் பக்கத்தை மட்டும் நனைத்தேன். மதிற்சுவர்ப் பக்கத்துச் சாக்குகளைச் சுருட்டி வைத்துவிட்டேன். அங்கே ஒருக்களித்துத்தான் நுழைய முடியும், யாரும் போவதில்லை. பிற்பகல் வெயில் மட்டும் போகும். முப்பதாம் நாள் இடுக்கில் என் நகம் நுழைந்தது. கொண்டை ஊசியால் இழுத்தேன், சணல் நூல் நூலாக வந்தது. அந்த இடத்தில் துணி துவைக்கும் சோப்பை அடைத்து, மேலே கறுப்பு வண்ணம் பூசினேன். பார்க்க அழகாகவே இருந்தது. எனக்குக் கைவேலை வரும்.

சோப்பு எதற்கு என்று கேட்டீர்கள். கரையேற்றிய படகைத் தண்ணீரில் இறக்கியதும் இரண்டு நாள் கட்டிப்போட்டு வைப்பார்கள். அங்கேயே ஒழுகினால் ஆசாரி வந்து அடைத்துவிடுவார். சோப்பு கரையும்வரை தாங்கும்; முதல் நாள் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

"உங்க கைராசி அண்ணி!" என்றான் கொழுந்தன். கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது நாள் காத்திருக்காமல் காலையிலேயே ஒரு கப்பலை இழுக்கப் போனார்கள். இருவருக்கும் சாப்பாடு கட்டிக்கொடுத்தேன்.

கயிறு விறைத்ததும் பலகைகள் விலகியிருக்கும். தண்ணீர் இறைக்கும் பம்பும் நீராவியில்தான் ஓடும். தண்ணீர் அடுப்பை எட்டியதும் அது நின்றிருக்கும். கவிழ்ந்த படகின் அடிப்பலகையைப் பற்றிக்கொண்டு மிதந்த என் கணவரைக் கப்பல்காரர்கள் தூக்கிவிட்டார்கள். கொழுந்தன் மேலே வரவில்லை. கரி தள்ளுகிறவன் கீழேதான் இருப்பான். எனக்குத் தெரியும். ஏணி ஏறுவதில் அவன் வேகமானவன் என்று எண்ணியிருந்தேன். எண்ணினேன் என்பதுகூடச் சரியில்லை. அந்தப் பக்கம் யோசனையைக் கொண்டுபோகவில்லை.

கணவர் வீட்டுக்கு வந்தார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த நீலச் சோப்புத் துண்டை, துவைக்கிற கல்லின் மேல் பாதி கரைந்து கிடந்த கட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இருபது நாளாக வீட்டில்தான் இருக்கிறார். பேசுவதில்லை. நான் கொடுப்பதைச் சாப்பிடுகிறார்.

நேற்று அவர் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்து, தப்பெல்லாம் தன்னுடையது, இன்றைக்கே தன்னை உள்ளே வைத்துவிடுங்கள் என்று கெஞ்சியதாகச் சொன்னீர்கள். வீட்டுக்கு மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள் என்று காலில் விழுந்தாராமே. உண்மை தெரிந்தும் அப்படிச் செய்திருக்கிறார். பத்தொன்பது வருஷத்தில் எனக்காக அவர் இவ்வளவு செய்ததில்லை.