ரோதினா

எங்கள் ஊர் ரொட்டிக் கடையில் 'செர்ஸ்த்வி' என்று எழுதியிருந்தால் அன்று காலையில் சுட்டது என்று பொருள். ரஷ்ய மொழியில் அதே சொல்லுக்குக் காய்ந்து போனது என்று பொருள். முகாமிலிருந்து வரும் ரஷ்யச் சிப்பாய்கள் பலகையைப் படித்து, முகம் சுளித்து, வெறுங்கையோடு திரும்புவார்கள். கடைக்காரர் கடைசிவரை பலகையை மாற்றவில்லை.

செக் மொழியும் ரஷ்ய மொழியும் பங்காளிகள். முகஜாடை ஒன்றுதான், மனசு வேறு. நான் பள்ளியில் ரஷ்ய மொழி வாத்தியார். ஒவ்வொரு செப்டம்பரிலும் என் முதல் பாடம் இதுதான். 'போஸோர்' என்றால் நமக்குக் கவனம், அவர்களுக்கு அவமானம். பள்ளம் தோண்டிய இடத்தில் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன அவமானம் என்று சிப்பாய்கள் திருதிருவென்று விழிப்பார்கள். 'ரோதினா' என்றால் நமக்குக் குடும்பம், அவர்களுக்குத் தாய்நாடு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு இது தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மறைத்தேன் என்ற பேச்சு வரக் கூடாது.

நீங்கள் இருவரும் சின்ன வயசுக்காரர்கள். கட்சி ஆட்சி போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, ஆட்களை நீக்கச் சொல்லி மாஸ்கோவிலிருந்து வந்த உத்தரவு எங்கே என்று கேட்கிறீர்கள். அப்படி எதுவும் வரவில்லை. எழுபதாம் வருடம் எங்கள் நகர மன்றக் கூடத்தின் மூலையில் ஒரு ரஷ்யக் கர்னல் உட்கார்ந்து தேநீர் குடித்தார். அவ்வளவுதான். கட்சி விசாரணைக் குழுவில் அவர் பெயர் இல்லை, நடவடிக்கைக் குறிப்பில் அவர் பெயர் இல்லை. ஆனால் அவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைக்கும் விதத்தைப் பார்த்துத்தான் இந்த ஊரில் ஒருவருக்கு வேலை இருந்தது, அல்லது போனது. உத்தரவு போட வேண்டிய சிரமத்தை நாங்கள் அவருக்குக் கொடுத்ததே இல்லை.

லுபோர் ஹன்ஸ்லிக் எங்கள் பள்ளித் தலைமையாசிரியர். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். அறுபத்தெட்டு ஆகஸ்டில் ரஷ்ய டாங்கிகள் வந்தபோது, அவர்களுக்கு வழி தெரியக் கூடாது என்று ஊரே தெருப் பலகைகளைக் கழற்றியது. லுபோரும் ஏணி போட்டு ஏறினார். அந்த வாரம் ஆசிரியர் அறையில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இவனுங்க இப்பத்தான் டாங்கி அனுப்புறானுங்க. நம்ம ஸ்கூல்ல ரஷ்யன் பேசுற டாங்கி ஒண்ணு பத்து வருஷமா நிக்குது. பொஹ்தான்னு பேரு. அதுக்கு யாரும் வழி காட்ட வேண்டாம், தானே போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு ஒரு வருடம், நான் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் வாயால் டாங்கிச் சத்தம் போடுவார்கள். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளும் ஆள் நான் இல்லை. தேதி கேட்டால் சொல்வேன், ஆகஸ்ட் இருபத்தாறு, திங்கட்கிழமை.

எழுபதில் கட்சி அட்டையைப் புதுப்பிக்க ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். வந்தது படையெடுப்பு அல்ல, சகோதர உதவி என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு வேலை போகும், பிள்ளைகளுக்கு மேல்படிப்பு போகும். லுபோரின் முறைக்கு முந்தின நாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பொஹ்தான், நாளைக்கு நான் கால்ல விழப்போறேன்டா. என் பொண்ணு மிலாடா டாக்டருக்குப் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அவளுக்காக எதுவும் சொல்லுவேன். நீதானே மொழிபெயர்க்கப் போற? சிரிச்சுடாதே, அது மட்டும் போதும்."

சிரிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன்.

குழுத் தலைவர் மாஷெக் தெருப் பலகையைப் பற்றிக் கேட்டார். லுபோர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மறைக்க என்ன இருக்கு தோழரே? எனக்கு ரோதினாதான் எல்லாத்துக்கும் மேல. கட்சிக்கும் மேலதான், பொய் சொல்ல மாட்டேன். ரோதினாவுக்காக நான் எதை வேணும்னாலும் செய்வேன்."

மாஷெக்கின் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு வேண்டியது அதுதான். குடும்பஸ்தன் என்றால் எங்கே பிடித்தால் அடங்குவான் என்று தெரிந்துவிடுகிறது. அவர் ரப்பர் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் கர்னலின் காதில் சொன்னேன். எல்லாவற்றையும் ரஷ்யனில் சொன்னேன். ஒரே ஒரு சொல்லை மட்டும் இருந்தபடியே விட்டேன்.

கர்னல் தம்ளரைக் கீழே வைத்தார். குடும்பம் என்பதற்கு ரஷ்யனில் 'செம்யா' என்பார்கள். இரண்டே அசைதான். களைப்பில் வாய் தவறியது என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம், நீங்களும் நம்பியிருப்பீர்கள். ஆனால் கர்னல் ஒழுங்கான மனிதர், திரும்பக் கேட்டார்.

"ரோதினான்னா சொன்னான்? கட்சிய விடத் தாய்நாடு பெருசுன்னா?"

"ஆமாம், தோழர் கர்னல். ரோதினான்னுதான் சொன்னார்."

இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

கர்னல் லுபோரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. "தைரியசாலிதான்யா. இந்த மாதிரி ஆளத்தான் பதவியில விட்டு வைக்கக் கூடாது," என்றார். மாஷெக்குக்கு ஓரளவு ரஷ்யன் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கர்னலுக்குத் தப்பாகப் புரிந்துவிட்டது என்று அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவரும் சொல்லவில்லை. முத்திரையை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். காலில் விழ வந்த மனிதர் மாவீரராகத் தண்டிக்கப்பட்டார், கட்சி அட்டையும் வேலையும் போயின.

லுபோருக்குக் காரணமே புரியவில்லை. வீட்டில் சூப் சாப்பிடும்போது, தான் சொன்னதை ஒரு வரி விடாமல் மனைவியிடம் ஒப்பித்தாராம். பதினான்கு வயது மிலாடா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாருப்பா மொழிபெயர்த்தது?" என்று கேட்டாளாம். என் வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றாள்.

"தோழர் ஆசிரியரே, செம்யாவுக்கும் ரோதினாவுக்கும் என்ன வித்தியாசம்? மறுபடி ஒரு தடவை சொல்லுங்களேன்."

அன்று யாரும் டாங்கிச் சத்தம் போடவில்லை. பொறுமையாகக் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். ஒப்புக்கொள்கிறேன். பயந்தேன். ஒரு சிறுமிக்குப் பயந்தேன்.

இலையுதிர்காலத்தில் நான் தலைமையாசிரியர் ஆனேன். லுபோருக்கு எங்குமே வேலை கிடைக்காத நிலையில், எங்கள் பள்ளிக் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போடும் வேலையை நான்தான் பேசி வாங்கிக் கொடுத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த அறை என் அறைக்கு நேர் கீழே. ஏழு குளிர்காலம் அங்கே இருந்தார். மனிதர் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார், கட்டடத்திலேயே கதகதப்பான அறை என்னுடையதுதான். பிறகு நுரையீரல் போயிற்று, அவரும் போனார். மலர்வளையம் அனுப்பினேன்.

மிலாடாவின் மேல்படிப்பு பற்றிக் கேட்கிறீர்கள். தகப்பனைக் காரணம் காட்டி மாஷெக் அவள் விண்ணப்பத்தைத் தடுக்கவில்லை. அவருக்கு உறுத்தல் இருந்ததோ என்னவோ, "பொண்ணு என்ன பண்ணா பாவம், உன் அபிப்பிராயத்தை எழுதி அனுப்பு, பார்த்துக்கலாம்," என்றார். முடிவு என் கையில்தான் இருந்தது. எழுதினேன்: 'மிகவும் கெட்டிக்காரி. எதையும் மறக்க மாட்டாள். தகப்பன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் மனதில் வைத்திருக்கிறாள்.' அதிலும் ஒரு சொல் பொய் இல்லை. அவள் கோழி உரிக்கும் ஆலைக்குப் போனாள், இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டையும் நானே செய்தேன், தெரிந்துதான் செய்தேன். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் எனக்கு யார்மேலும் வன்மம் கிடையாது. ரொட்டிக் கடை வரிசையில் மிலாடாவைப் பார்த்தால் இன்றும் முதலில் வணக்கம் சொல்வது நான்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியாருக்குப் பதில் வணக்கம் சொல்லத் தெரியவில்லை. அவளைக் குறை சொல்லி என்ன பயன், குடும்பம் சரியில்லை.