மாப்பிள்ளை அடித்த காற்று

ஹலோ... யாரு, மாப்ளயா? அதான் இங்க மழை இப்படிக் கொட்டுதா!... சும்மா சொன்னேன், சொல்லுங்க... கேக்கல... ஏப்பா, அந்தக் கம்ப்ரசர நிறுத்துங்கப்பா, என் தங்கச்சி வீட்டுக்காரரு பேசுறாரு!... ஆங், இப்ப சொல்லுங்க.

எந்த வண்டி?... அந்த ரெண்டு கதவு மஞ்சக் காரா?... ஆமாமா, ஸ்போர்ட்ஸ் காரு, ஸ்போர்ட்ஸ் காரு. என்னாச்சு அதுக்கு?... சக்கரத்த மாத்திட்டீங்களா?... பதினேழு இஞ்சக் கழட்டிட்டுப் பத்தொம்போதா... அழகாத்தான் இருக்கும், யாரு இல்லேன்னா. எங்க மாட்டுனீங்க?... ஓஹோ. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க. மச்சான்னு ஒருத்தன் டயர் கடை போட்டு உக்காந்திருக்கானே, அவன் என்ன போண்டா சுடுறானா?... சேச்சே, கோவமா? எனக்கா? எனக்கென்ன கோவம்.

ம்... ம்... வண்டி குதிக்குது... ம்... ஈர ரோட்டுல திரும்புனா பின்பக்கம் இழுத்துக்கிட்டுப் போகுது. சரி, காத்து எவ்ளோ அடிச்சிருக்கீங்க?... எவ்ளோ?... இன்னொரு தடவ சொல்லுங்க... ஐம்பத்தொண்ணா!

யோவ்... மன்னிச்சுக்குங்க, வாய் தவறிடுச்சு. எந்த மகராசன் சொன்னான் ஐம்பத்தொண்ணுன்னு?... டயர்லயே போட்டிருக்கா. படிச்சுப் பாத்து அடிச்சீங்க. நல்லாப் படிச்சீங்க, போங்க! அது அதுக்கு மேல போகக்கூடாதுங்கிற கணக்கு மாப்ள. லிஃப்ட்ல பத்துப் பேருன்னு போட்டிருந்தா, பத்துப் பேரு சேர்ற வரைக்கும் வாசல்ல நின்னு ஆள் புடிப்பீங்களா?... இல்ல, கேக்குறேன்.

என்னது, கதவோரம் ஒட்டியிருக்கிற நம்பரா?... அதுவும் அப்படியே ஆகாது. அது கம்பெனிக்காரன் குடுத்த பழைய சக்கரத்துக்கு. சக்கரம் பெருசானா டயரோட பக்க ஒயரம் கொறஞ்சிடும், உள்ள காத்துக்கு எடம் கம்மி. அதே எடையத் தாங்கணும்னா ரெண்டு மூணு கூட வைக்கணும். ரெண்டு மூணு மாப்ள! நீங்க வச்சிருக்கிற மாதிரி வச்சா, டயர் நடுவுல மட்டும்தான் ரோட்டத் தொடும். அப்புறம் வழுக்காம என்ன செய்யும்?... ஆமா... ஆமா, ஆமா, வீடியோல பாத்தீங்க. வீடியோ போட்டவனா வந்து வண்டி ஓட்டப்போறான்?

நம்பர்தானே, சொல்றேன் இருங்க, என்ன அவசரம்? இப்ப எங்க நிக்கிறீங்க?... மலை மேலயா! மலை மேல என்ன வேலை, நாளைக்கு ரயில்லதானே வர்றதாச் சொன்னீங்க?... கார்லயே கெளம்பிட்டீங்களா... பெட்ரோல் பங்க்ல... அங்கயும் மழையா... கூட யாரு?... யாரு?

பாப்பாவா?

ஏழு மாச வயித்தோட என் தங்கச்சிய அதுல உக்கார வச்சு, வளைஞ்சு வளைஞ்சு எறங்குற ரோட்டுலயா? அறிவுன்னு ஒண்ணு இருக்காய்யா உமக்கு? மஞ்ச வண்டி, பெரிய சக்கரம், கண்ணுல கறுப்புக் கண்ணாடி... வேஷத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல! வாங்கத் தெரியுது, வச்சுக்கத் தெரியல... நம்பர், நம்பர்னு பறக்காதீங்க, சொல்றேன். மொதல்ல நான் சொல்றதக் காதுல வாங்குங்க. எங்கப்பா அன்னிக்கே சொன்னாரு, இந்த ஆளு...

ஹலோ?... பாப்பா? நீயாம்மா? பயந்துட்டியா?... அழாத, அழாத. ரெண்டு வளைவுல வழுக்குச்சா... கடவுளே... என்ன?... ஒரு மாசமாவா? ஒரு மாசமா நீ கேளுங்க கேளுங்கன்னு சொல்லியும்... என் வாய்க்குப் பயந்தா? நான் என்ன புலியா, கடிச்சுத் திங்க?... கல்யாணத்தன்னிக்கா? அது வெளையாட்டுக்குச் சொன்னதும்மா, நாலு பேரு சிரிச்சா என்ன இப்போ?... சரி... சரி, சரி. நீ கத்தாத, வயித்துப் புள்ளைக்கு ஆகாது.

நம்பரக் கேட்டுக்கோ. இல்ல இரு, இவ்ளோ தூரம் ஓடி வந்திருக்கு, டயர் சூடா இருக்கும். சூட்டுல நாலஞ்சு கூடத்தான் காட்டும். ஆறுற வரைக்கும் நில்லுங்களேன்... இருட்டிடுமா... சரி, அந்தச் சூட்டுக்கும் சேத்தே சொல்றேன். காத்து பாக்குற மீட்டர நீயே கையில புடிம்மா. அந்தக் கூறுகெட்டவன்கிட்ட குடுத்தா அதையும்...

என்ன?... ஸ்பீக்கர்லயா போட்டிருக்க?

மாப்ள... அது அப்படி இல்ல மாப்ள... அட, ஒரு பேச்சுக்கு... வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க! பாப்பா, அவர நிறுத்தச் சொல்லு... நீயும் ஏறிட்டியா? ஏம்மா?... எறங்கும்மா, அண்ணன் சொல்றேன்ல... சரி, காத்தையாவது எறக்கிட்டுப் போங்க! முன்னாடி முப்பத்தொம்போது, பின்னாடி நாப்பத்தி... பாப்பா?... முப்பத்தொம்போதும்மா!... பாப்பா!

ஏப்பா, உன் போனக் குடு. என் பேரப் பாத்தா எடுக்க மாட்டாங்க.