தேயிலைக்கு நடுவில் அவரை

கும்மிடிப்பூண்டியில் காலை வண்டி கிளம்பக் காத்திருந்தது. எதிர் சீட்டில் கம்பெனிச் சட்டையோடு இரண்டு பேர். ஒருவர் கோத்தகிரிக்காரர். மற்றவர் பொன்னேரிக்காரர்.

“அவரையைக் காய்க்க விட்டது என் தப்புங்கண்ணா,” என்றார் கோத்தகிரிக்காரர்.

“எங்க கழனில உளுந்து காய்ச்சா சந்தோசப்படுவோம். நீ இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற?”

“தேயிலைக் கன்னுக்கு நடுவுல, உரத்துக்குப் போட்டதுங்க. பூ விட்டதும் அறுத்து, கன்னு அடியில போட்டுடணும். பூத்த செடியை அறுக்க மனசு வரலைன்னு சம்சாரம் போன் பண்ணுச்சு. சரி, காய்க்கட்டும்னேன். கொடி கன்னு மேல ஏறி மூடிருச்சு. மழையும் இல்லை. இருந்த ஈரத்தை அவரையே குடிச்சிருச்சு.”

“எத்தினி கன்னு போச்சு?”

“எல்லாமே காஞ்சுருச்சுங்க. கொழுந்து பறிக்கிற அளவுக்கு வளர்ந்ததும், வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துடறேன்னு சொல்லியிருந்தேன்.”

“மறுபடி நடேன்.”

“திரும்ப முதல்ல இருந்துங்களா? முடியாதுங்கண்ணா.”

பொன்னேரிக்காரர் கேட்டார்: “ஊட்ல இன்னா சொல்றாங்க?”

“இங்க கம்பெனியில பொம்பளைங்களுக்கு வேலை இருக்குமான்னு கேக்குதுங்க.”