கோர்ட்டாண்ட என்ன வேலை?

வாலாஜாபாத் பஸ் காஞ்சிபுரத்தை விட்டுக் கிளம்பியதும், என் முன் இருக்கையில் இருந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளிடம் கேட்டார்: "உண்மைய சொல்லு. யாரை கட்டிக்கினே?"

கல்லூரிப் பையை மடியில் வைத்திருந்த அந்தப் பெண் திகைத்துப்போனாள். "என்னம்மா உளர்றே?"

"தறிக்கு நூல் வாங்க வந்த உன் சித்தப்பா பாத்திருக்காரு. கோர்ட்டாண்ட நின்னுக்கினு இருந்தியாம். காலேஜ் போற பொண்ணுக்கு அங்க என்ன வேலை?"

"கேஸ் நடக்கறத பாக்கப் போனேம்மா. டிகிரி முடிச்சிட்டு லா படிக்கணும்னு சொன்னேன்ல? இப்பவே போய் கவனின்னு எங்க மேடம்தான் சொன்னாங்க."

"கண்டவங்களயும் உள்ள வுடுவாங்களா? யார்கிட்ட கதை வுடற?"

"நிஜமாம்மா. பின்னாடி பெஞ்சுல உக்காந்துக்கலாம். நேத்து ஒரு அக்கா, புருஷன் அடிக்கறான்னு ஜட்ஜம்மாகிட்ட சொல்லி அழுதாங்க."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கேட்டார்: "அந்தப் பொண்ணு கூட யாரு வந்தது?"

"வக்கீல் மட்டும்தான்."

"அந்தப் புருஷன்காரன் வந்திருந்தானா?"

"வந்திருந்தான். ஜட்ஜம்மா கேட்டதும் தலைய குனிஞ்சிக்கினான்."

"ஒண்ணும் எதுத்துப் பேசலியா?"

"இல்ல."

இப்போது மகள் அம்மாவைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "ஏம்மா இவ்ளோ கேக்கற? அப்பா மறுபடியும் கை வெச்சாரா?"

"மெதுவா பேசு. பஸ்ஸுல ஆளுங்க இருக்காங்க."

வாலாஜாபாத்தில் இறங்க எழுந்தபோது அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வாட்டி போறப்ப நானும் வரேன். உங்கப்பாவாண்ட கோயிலுக்குன்னு சொல்லிக்கலாம்."